குட்டிக்குப் போக மிச்சம்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் காளைக்குப் பேரும் புகழும் உண்டு. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று காளையைத் தேடி உலகமே வருகிறது. வகுப்பில் முல்லைக்கலி நடத்தும்போதும் ஏறுதழுவல் பாட்டுகளுக்கே மாணவர் நிமிர்ந்து உட்காருகின்றனர். அதே முல்லைக்கலியில் ஆயர் மூவகையாகக் காட்டப்படுகின்றனர் என்று சொல்லத் தொடங்கினால் வகுப்பு மீண்டும் சாய்ந்துவிடும். எருமை மேய்ப்போர் கோட்டினத்தாயர். பசு மேய்ப்போர் கோவினத்தாயர். ஆடு மேய்ப்போர் புல்லினத்தாயர். இந்த மூன்றாம் வகையினரின் வீட்டுப் பாலைப் பற்றிச் சில கருத்துகளை நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். இன்று ஆடு வளர்ப்பு எந்த ஒரு குலத்துக்கும் உரியதன்று. நிலமில்லாதவரும் கைப்பிடி நிலம் உள்ளவரும் எல்லாச் சாதியிலும் ஆடு வளர்க்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடை வழங்கும் இரு திட்டங்களைத் தொடங்கியது. ஒன்று விலையில்லாக் கறவைப் பசு. மற்றொன்று விலையில்லா வெள்ளாடு, செம்மறியாடு. பசுவுக்குக் 'கறவை' என்ற அடைமொழி கிடைத்தது. குடும்பத்துக்கு நான்காக வழங்கப்பட்ட ஆட்டுக்கு அது கிடைக்கவில்லை. இதில் அரசின் பிழை ஏதுமில்லை; தமிழ் வழக்கே அப்படித்தான். கறவை என்றால் மாடு. ஆடு என்றால் கறி, எரு, அவசரத்துக்குக் காசு. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 14.9 கோடி வெள்ளாடுகள் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் ஒரு கோடிக்குச் சற்றே குறைவு. ஆயினும் நாட்டின் மொத்தப் பால் உற்பத்தியில் ஆட்டுப்பாலின் பங்கு சுமார் 3 விழுக்காடுதான் என்கின்றன அரசுக் கணக்குகள். கணக்கில் வராமல் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோகும் பாலை எந்த அதிகாரி அளந்தார் என்பது வேறு கேள்வி.

திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பகுதிகளில் ஐந்தாறு வெள்ளாடு வைத்திருக்கும் ஒரு வீட்டின் நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் கொட்டத்தைக் கூட்டவேண்டும். இரவெல்லாம் விழுந்த புழுக்கையை அள்ளிக் குப்பையில் சேர்த்தால் அது வரும் பட்டத்துக்கு எரு. பிறகு பால். ஈன்று சில வாரமான ஆட்டின் குட்டிகளை இரவில் கூடையைக் கவிழ்த்து அதனுள் அடைத்திருப்பர். குட்டியைத் திறந்துவிட்டால் ஓடிவந்து மடியை முட்டும். முட்டினால்தான் தாய் பாலைச் சுரந்துவிடும். சுரந்ததும் குட்டியைச் சற்றே விலக்கி, ஒரு கையால் செம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பீச்சுவார்கள். எங்கள் பக்கத்தில் ஆட்டுப்பாலுக்குப் பெரும்பாலும் இந்தச் சொல்தான், கறத்தல் மாட்டுக்கு. நாட்டு வெள்ளாடு ஒரு வேளைக்கு ஆழாக்குப் பால் தரும், மிகுந்தால் உழக்கு. ஆட்டுக்குக் காம்பு இரண்டே. இரட்டைக்குட்டி போட்டிருந்தால் குட்டிக்கு ஒன்றாகப் போய்விடும். மனிதனுக்கென்று மூன்றாவது காம்பைப் படைத்தவன் வைக்கவில்லை.

பனி உலர்ந்த பிறகே ஆட்டை அவிழ்ப்பர். ஈரப் புல்லை மேய்ந்தால் கழிச்சல் காணும் என்பது அனுபவ அறிவு. குடற்புழுவின் இளம்பருவம் பனி படிந்த புல்நுனியில் ஏறியிருக்கும் என்பது கால்நடை மருத்துவம் அதற்குத் தரும் விளக்கம். வெள்ளாடு செம்மறியைப் போலத் தலை கவிழ்ந்து புல்லை மட்டும் மேய்ந்துகொண்டிராது. நிமிர்ந்து தழை கடிக்கவே விரும்பும். எனவே தொரட்டி தோளில் இருக்கவேண்டும். கிளுவை வேலி, வேப்பங்குழை, கொடுக்காப்புளி, கருவேல நெற்று என்று நாளுக்கொரு மரத்தைத் தேடிப் போகவேண்டும். கோடையில் தழை கிடைக்காதபோது சந்தையில் அகத்திக்கட்டு வாங்கவேண்டும். மாலையில் ஆடு திரும்பும்போது கொட்டத்தில் எழும் குரல்களைக் கேட்டவர்க்கு அது இரைச்சலாகத் தோன்றாது. தாய் ஒவ்வொன்றும் தன் குட்டியை முகர்ந்து அடையாளம் கண்டு மடியில் விடும். பிறர் குட்டி வந்தால் முட்டித் தள்ளும். பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016) நாவலில் தாயற்ற சிறுகுட்டி ஒன்று பாலுக்குப் படும் பாட்டைப் படித்தவர்கள் இந்த முட்டலின் பொருளை அறிவர்.

இத்துடன் நோய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கொல்லி வந்தால் கொட்டமே காலியாகிவிடும். மழைக்காலத்தில் இளம்புல்லை ஆசையோடு மேய்ந்த ஆடு மறுநாள் காலையில் துள்ளுமாரியால் விறைத்துக் கிடக்கும். தடுப்பூசி போடும் நாளில் கூலி வேலைக்குப் போயிருந்தால் அந்த ஆண்டு முழுவதும் நெஞ்சில் பயம். ஐந்து மாதச் சினை, ஈத்துக்கு ஒன்றோ இரண்டோ குட்டி, பின் அவை சந்தைக்கு ஆகும் வரையில் காவல். இத்தனைக்கும் பிறகு திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தையில் ஒரு கிடாக்குட்டி விலைபோனால்தான் கையில் பணம். என் மாணவர் பலரின் கல்விக்கட்டணம் இவ்வாறு வந்ததே. அவர்கள் வீட்டு வரவுசெலவில் பால் ஒரு வரவாக எழுதப்படுவதில்லை. ஆட்டை வாரத்துக்கு விடும் வழக்கத்திலும் குட்டிகளைத்தான் பாதிக்குப் பாதி பிரிப்பர். பாலைப் பற்றிப் பேச்சே எழாது.

அப்படியானால் அந்த உழக்குப் பால் எங்கே போகிறது? முதலில் குட்டிக்கு, அதன் வயிறு நிறைந்த பின் வீட்டுப் பிள்ளைக்கு, அண்டை வீட்டில் மருந்துக்கு வேண்டுமென்று கேட்டுவந்தால் அவர்களுக்கு. இவ்வளவுக்கும் பிறகு இருந்தால் காப்பித்தண்ணிக்கு. விலைக்கு ஊற்றுவது எப்போதேனும் நிகழ்வது. இந்த வரிசையை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆடு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இது மாறாது.

குறுந்தொகையின் 221ஆம் பாடலை ஒருமுறை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். உறையூர் முதுகொற்றனார் பாடியது. முல்லை பூத்தும் தலைவன் வரவில்லை என்று தலைவி வருந்துகிறாள். கார்காலம் வந்ததற்கு அவள் காட்டும் சான்று, ஆட்டுமந்தையைப் பறி ஏந்திய துணைவரிடம் விட்டுவிட்டுப் பாலுடன் ஊருக்குள் வந்து கூழுடன் திரும்பும் இடையன் தலையில் சூடியிருக்கும் முல்லை அரும்பு. நாங்களெல்லாம் அந்த அரும்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கரும்பலகையில் எழுதியாயிற்று. அதுவரை வாய் திறவாத ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவரு பாலு கொண்டாந்தாருன்னா அன்னைக்குக் குட்டிக நல்லாக் குடிச்சிருக்குன்னு அர்த்தம். குட்டிக்குப் போக மிச்சந்தானங்கய்யா மனுசருக்கு" என்றாள். அவள் வீட்டில் ஏழு ஆடுகள். மழை பெய்து, தழை செழித்து, மடி நிறைந்து, குட்டி குடித்த பின்னும் பால் மீந்ததால்தான் இடையன் ஊருக்குள் வருகிறான் என்பது அவள் உரை. கார்காலத்தின் வரவை அரும்பு ஒருபுறம் சொல்ல, பால் மறுபுறம் சொல்கிறது. இந்த உரையை எந்த உரைகாரரிடமும் நான் படித்ததில்லை.

சிலப்பதிகாரத்திலும் இந்த அறிவு உண்டு. மதுரைப் புறஞ்சேரியில் மாதரியின் ஆயர்பாடி. கோவலன் கொலையுண்ட வேளையில் அங்கே தீக்குறிகள் தோன்றுகின்றன. குடத்துப் பால் உறையவில்லை. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக்குட்டி துள்ளி விளையாடவில்லை. பாலையும் குட்டியின் துள்ளலையும் இளங்கோ ஒரே மூச்சில் சொல்வது தற்செயல் என நான் கருதவில்லை. குட்டி சோர்ந்த வீட்டில் பால் மட்டும் நலமாக இராது என்பதை ஆய்ச்சியர் அறிவர்.

இந்த வரிசையை மாற்றி வைத்த காலமும் நம் வரலாற்றில் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்றொரு தொடர் வரும். கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகளைக் கொடையாக விடுவர். தஞ்சைப் பெரியகோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. அல்லது 48 பசு. அல்லது 16 எருமை. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் கல்வெட்டில் அது சாகாது, மூக்காது. எத்தனை செத்தாலும் எண்ணிக்கை குறையாமல் ஈடுசெய்வது மேய்ப்பவர் பொறுப்பு. கொடையாளரின் புண்ணியமும் விளக்கின் ஒளியும் கல்லில் நிலைத்தன. வறட்சி ஆண்டில் உழக்கு நெய்க்காக எத்தனை குட்டிகள் பாலின்றித் தவித்தன என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. நாள் தவறாத அளவு என்ற ஒன்று வந்துவிட்டால், முதல் பங்கு குட்டியிடமிருந்து நழுவி அளப்பவரிடம் போய்விடும் என்பதே இதிலிருந்து நான் கற்றது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளாக ஆட்டுப்பாலுக்கு நகரத்தில் திடீர் மவுசு. பால்பொடி, பாலாடைக்கட்டி, சோப்பு என்று அது புட்டிகளிலும் பெட்டிகளிலும் அடைபடுகிறது. டெங்கு பரவும் காலங்களில் தில்லி போன்ற நகரங்களில் அதன் விலை பன்மடங்கு ஏறிய செய்திகளைப் படித்திருப்போம். இரத்தத் தட்டணுக்களை ஆட்டுப்பால் உயர்த்தும் என்பதற்குத் தக்க மருத்துவச் சான்று கிடையாது. இந்த மவுசைக் கண்டு, பரண்மேல் ஆடு வளர்த்து நாள்தோறும் இத்தனை லிட்டர் பால் விற்கலாம் என்று குறுவிவசாயிகளுக்கு ஆசை காட்டும் பேச்சும் பெருகியிருக்கிறது.

ஆட்டுப்பாலின் நற்குணத்தை நான் மறுக்கவில்லை. அதன் கொழுப்புத் துளிகள் சிறியவை. பலருக்கு எளிதில் செரிக்கும். சித்த மருத்துவத்தில் அதற்கு மதிப்பான இடம் உண்டு. ஆனால் அதில் ஃபோலிக் அமிலம் குறைவு. ஓராண்டு நிறையாத குழந்தைக்கு அதை மட்டுமே ஊட்டினால் இரத்தசோகை வரும். பசும்பால் ஒவ்வாத குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது, இரண்டின் புரதங்களும் ஒத்தவை என்பதால். பீச்சிய சூட்டோடு பச்சையாகக் குடிப்பது நல்லது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. மால்டா தீவில் ஆங்கிலேயப் படையினரை வாட்டிய காய்ச்சல் ஆட்டுப்பால் வழியே பரவியது என்பதை 1905இல் அத்தீவின் மருத்துவர் தெமிஸ்டோகிளிஸ் சம்மித் ஆய்வு வெளிப்படுத்தியது. படையினர் அந்தப் பாலை நிறுத்தியதும் நோய் அடங்கியது. காய்ச்சிக் குடித்தால் அச்சமில்லை.

என் கவலை வேறு. நம் நாட்டாடுகள் பாலுக்காகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை அல்ல. கன்னி ஆடும் கொடி ஆடும் வெயிலையும் வறட்சியையும் தாங்கிக் குட்டி ஈன்று வளர்ப்பவை. அவற்றின் பால், பிறந்து மூன்று மாதம் வரை குட்டியின் உடம்பில் எடையாக ஏறுகிறது. அந்த எடையே சந்தையில் பணமாகிறது. ஆக, விலைக்குப் போகும் ஒவ்வோர் உழக்குப் பாலும் குட்டியின் உடம்பிலிருந்து கழிகிறது. தலைச்சேரி, ஜமுனாபாரி போன்ற இனங்களுக்குப் பால் கூடுதல். அவற்றுக்குத் தீவனமும் கூடுதலாக வேண்டும். முழுக்கப் பாலை நம்பிய மேலைநாட்டுப் பண்ணைகளில் நடப்பதைப் பார்த்தால் வரிசை தலைகீழானதன் முடிவு தெரியும். அங்கே கிடாக்குட்டியால் பயனில்லை. பிறந்த சில நாளிலேயே பலவற்றைக் கொன்றுவிடுவது வழக்கமாயிருந்துவருகிறது. நம் பக்கத்தில் வீட்டின் கல்விக்கட்டணமாக நிற்பது அதே கிடாக்குட்டிதான்.

மதுரைக்காரர்களாகிய நாம் ஆட்டுப்பால் என்றதும் காந்தியடிகளை நினைக்கிறோம். 1921 செப்டம்பரில் அவர் அரையாடைக்கு மாறியது இவ்வூரில். அவர் நினைவு அருங்காட்சியகமும் இங்கே உண்டு. பாலை அவர் விலக்கியதற்கு ஒரு காரணம், கடைசித் துளிவரை கறப்பதற்காகப் பசுவையும் எருமையையும் வதைத்த முறைகளைப் பற்றி அவர் படித்தது. 1919இல் உடல்நலம் குன்றியபோது, விரதம் பசுவையும் எருமையையும் எண்ணி எடுத்ததுதானே என்று கஸ்தூரிபா நினைவூட்ட, ஆட்டுப்பாலை ஏற்றார். ஏற்ற பின்னும், விரதத்தின் சொல்லைக் காத்து அதன் உட்பொருளைக் கைவிட்டேன் என்று தன்வரலாற்றில் வருந்தினார். அவர் குடித்தது ஆட்டுப்பால் என்பதை விளம்பரங்கள் மறக்கவில்லை. அவர் வருந்தியதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. ஏழைப் பெண்ணுக்குப் பாலால் நாலு காசு கிடைப்பதை, சம்பளம் வாங்கும் நீ இலக்கியம் பேசித் தடுப்பானேன் என்று கேட்கலாம். நான் தடுக்கவில்லை. மோர் விற்று உறவினரை உண்பித்து, நெய்க்குப் பொன் தந்தால் வேண்டாமென்று எருமையும் பசுவும் கன்றுமாகக் கேட்டு வாங்கிய ஆய்மகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. விற்பது இழுக்கல்ல, எதை, எப்போது, எதற்கு மாற்றாக விற்பது என்ற முடிவு அவள் கையில் இருந்தது. இன்றும் அது அவள் கையில் இருக்கவேண்டும். மழைக்குப் பின் மடி நிறைந்திருக்கும் மாதங்களில் மிச்சத்தை விற்கட்டும்; கோடையில் ஒரு துளியும் தரமாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை இருக்கட்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்று கையெழுத்திட்டால் அந்த உரிமை போய்விடும். வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' நகைச்சுவையாகப் படிக்கப்படும் நாவல். ஆனால் ஓர் ஆட்டின் பாலுக்கு ஒரு வீடே உரிமை கொண்டாடும்போது, பாத்துமாவுக்குத் தெரியாமல் அவள் ஆட்டைப் பீச்சிக்கொள்பவர்களும் அவள் வீட்டாரே என்பதைச் சிரிப்போடு சேர்த்து நினைக்கவேண்டும்.

மிச்சம் பெருகவேண்டுமானால் செய்யவேண்டியது வேறொன்று. மேய இடம் வேண்டும். மதுரை கண்மாய்களால் ஆன ஊர். நீர் வற்றிய காலத்தில் கண்மாயின் உள்வாயும் கரையும்தாம் ஆட்டின் மேய்ச்சல் நிலம். இன்று பேருந்து நிலையமாக நாம் அறியும் மாட்டுத்தாவணி கால்நடைச் சந்தையால் பெயர் பெற்ற இடம். சுற்றிலும் குளம், ஏந்தல், மந்தை என்று முடியும் பேர்கள் வீட்டுமனைப் பலகைகளில் மட்டும் மிஞ்சுகின்றன. பட்டா இல்லாத அந்த நிலங்களை 'சும்மா கிடக்கும் இடம்' என்று கோப்புகள் சொல்லும். ஆறு ஆடு வைத்திருப்பவளுக்கு அதுவே நன்செய். ஆடு மரத்தை அழிக்கும் என்ற குற்றச்சாட்டும் உண்டு. மந்தை பரவலாக மேய்ந்தபோது இல்லாத அழிவு, எஞ்சிய இரண்டு ஏக்கரில் ஊர் ஆடெல்லாம் நெருக்கப்படும்போது வருகிறது. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகங்களுக்குமான ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அந்த அறிவிப்பின் பொருள் நம் ஊராட்சியில் ஒரு கண்மாய்க்கரையேனும் மனையாகாமல் நிற்பதில்தான் இருக்கிறது. அதனோடு, தடுப்பூசி முகாம் கூலிவேலைக்குப் போகுமுன் விடியலில் நடந்தால், அதுவே பல குடும்பங்களுக்குப் பெரிய உதவி.

கி.ராஜநாராயணனின் 'கிடை', சு.தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' ஆகியவற்றைப் படித்த நமக்கு ஆட்டோடு அலையும் வாழ்வின் துயரம் ஓரளவு தெரியும். வீட்டோடு நிற்கும் ஐந்தாறு ஆடுகளின் வாழ்வு இன்னும் அவ்வளவாக எழுதப்படவில்லை. அதை எழுதப்போகிறவர், அந்த ஏழு ஆட்டு வீட்டிலிருந்து வந்தவளைப் போன்ற ஒருத்தியாக இருப்பார் என்று நம்புகிறேன். அதுவரை நாம் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. ஆட்டுப்பால் லிட்டர் என்ன விலை என்று கேட்கத் தோன்றும்போது, அதற்கு முன்பாகக் குட்டி குடித்ததா என்று கேட்போம்.